பட்டம் முடித்தபின் சட்டம் படிக்க எந்த நுழைவுத் தேர்வு? எல்சாட்டா, எல்நாட்டா, கிளாட்டா?

கேள்வி: நான் சிங்கப்பூரர். கணக்கியல் பட்டம் முடித்து மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். இங்கே வழக்கறிஞராக வேண்டும் என்று ஆசை. எல்சாட், எல்நாட், கிளாட் இவற்றில் எதை எழுதவேண்டும்? ஒரு பயிற்சி நிலையம் எல்சாட் வகுப்புக்கு முன்பணம் கேட்கிறது. கட்டலாமா?

பதில்:

இன்னும் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். கட்டிவிட்டால் திருப்பித் தருவார்களா என்று நாளைக்கே கேளுங்கள்.

எல்சாட் மோசமான தேர்வு என்று சொல்ல வரவில்லை. பயிற்சி நிலையம் நடத்துபவர்கள் கீழே கருத்துப் பகுதிக்கு வந்து சண்டைக்கு நிற்க வேண்டாம். நீங்கள் கேட்ட மூன்று தேர்வுகளும் மூன்று வெவ்வேறு நாடுகளின் சட்டக் கல்லூரிகளுக்காக வந்தவை: எல்சாட் அமெரிக்கா, எல்நாட் பிரிட்டன், கிளாட் இந்தியா. எந்த நாட்டு நீதிமன்றத்தில் நிற்கப்போகிறீர்கள் என்பது முதல் கேள்வி. அந்த நீதிமன்றம் எந்தக் கல்லூரியின் பட்டத்தை ஏற்கிறது என்பது இரண்டாவது. அந்தக் கல்லூரி எந்தத் தேர்வைக் கேட்கிறது என்பது மூன்றாவது. பெரும்பாலோர் மூன்றாவதில் ஆரம்பித்து, பட்டம் கையில் வந்தபிறகு முதலாவதற்கு வந்து நிற்கிறார்கள்.

நீங்கள் "இங்கே" என்று தெளிவாகச் சொல்லிவிட்டதால் கிளாட்டை இப்போதே எடுத்துப் போட்டுவிடலாம். கிளாட் இளநிலைத் தேர்வு பிளஸ் டூ முடித்தவர்களை ஐந்தாண்டு ஒருங்கிணைந்த சட்டப் படிப்பில் சேர்ப்பதற்கு. கிளாட் முதுநிலை என்று இன்னொன்று இருக்கிறது. "நான் பட்டதாரி, ஆகவே முதுநிலை" என்று நினைத்து அதற்குப் பதிவு செய்கிறவர்கள் உண்டு. அது எல்எல்எம் என்ற சட்ட முதுநிலைப் படிப்புக்கு. ஏற்கெனவே எல்எல்பி என்ற சட்ட இளநிலைப் பட்டம் முடித்திருக்கவேண்டும். பட்டதாரிகளுக்கான மூன்றாண்டு எல்எல்பிக்கு இந்தியாவில் வழிகள் வேறு. பெங்களூர் தேசியச் சட்டப் பள்ளி 2022இல் தொடங்கிய மூன்றாண்டுப் படிப்புக்கு என்எல்சாட் என்ற தன் சொந்தத் தேர்வை வைக்கிறது. டெல்லிப் பல்கலைக்குக் கியூட் முதுநிலைத் தேர்வு. மகாராஷ்டிரத்துக்கு எம்எச் சிஇடி, தெலங்கானாவுக்கும் ஆந்திராவுக்கும் லாசெட். தமிழ்நாட்டில் அம்பேத்கர் சட்டப் பல்கலையின் கீழ் வரும் மூன்றாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வே கிடையாது, பட்டப் படிப்பின் மதிப்பெண்தான். ஊரிலிருக்கும் சித்தப்பா "கிளாட் எழுதுப்பா" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவது பாசத்தில்தான். ஆனால் உங்களுக்கு அதனால் பயனில்லை.

ஏன் பயனில்லை என்றால், சிங்கப்பூர் அங்கீகரிக்கும் வெளிநாட்டுச் சட்டப் பல்கலைகளின் பட்டியலில் இந்தியப் பல்கலை எதுவும் இல்லை. அதோடு இந்தியாவின் 1961 வழக்கறிஞர்கள் சட்டம், பிரிவு 24, பதிவு செய்துகொள்ள இந்தியக் குடிமகனாக இருக்கவேண்டும் என்கிறது. இந்தியருக்கு ஒரு நாடு இடம் கொடுத்தால் அந்த நாட்டவருக்கு இந்தியாவில் இடம் என்ற பரஸ்பர விலக்கு மட்டுமே உண்டு. ஆக, சிங்கப்பூரின் சிவப்புக் கடப்பிதழ் வைத்திருப்பவர் சென்னையில் மூன்று வருடம் படித்தால் அங்கேயும் வாதாட முடியாது, இங்கேயும் வாதாட முடியாது. இங்கே வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்கள், ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால், மேலே சொன்ன தேர்வுகளைப் பார்க்கலாம். அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அஞ்சல்வழி எல்எல்பியை இந்திய பார் கவுன்சில் ஏற்பதில்லை. வகுப்பில் 70% வருகை வேண்டும். இங்கே வேலையை வைத்துக்கொண்டு அங்கே பெயரை மட்டும் பதிவு செய்து வைக்கும் கதை எல்லாம் கடைசியில், வழக்கறிஞராகத் தொழில் செய்ய எழுதவேண்டிய அனைத்திந்திய பார் தேர்வின் வாசலில் மாட்டிக்கொள்ளும்.

இனி சிங்கப்பூர். உள்ளூரில் மூன்றே மூன்று சட்டப் பள்ளிகள்.

தேசியப் பல்கலைக்கழகத்தில் பட்டதாரிகளுக்கென்று தனி எல்எல்பி உண்டு. விண்ணப்பங்களைச் சலித்தபிறகு தானே நடத்தும் எழுத்துத் தேர்வும் நேர்முகமும் வைத்து ஆள் எடுக்கும். அதற்கென்று கடையில் வாங்கிப் படிக்கும் புத்தகம் கிடையாது. ஒரு பக்கச் செய்தியை வாசித்து இரண்டு பக்கமும் வாதாடி எழுதப் பழகுங்கள், போதும். அங்கே உங்களைத் தூக்குவதும் கவிழ்ப்பதும் முதல் பட்டத்தின் தரம்தான்.

நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளி, அதாவது ஆர்மீனியன் ஸ்திரீட்டில் இருக்கும் எஸ்எம்யூ, 2009இலிருந்து ஜேடி என்ற, பட்டதாரிகளுக்கான சட்டப் படிப்பை நடத்துகிறது. அதற்கு எல்சாட், வணிக மேற்படிப்புக்கான ஜிமேட், பொதுவான மேற்படிப்புக்கான ஜிஆர்இ மூன்றில் ஒன்றைக் காட்டலாம். இந்த "மூன்றில் ஒன்று"தான் உங்கள் கேள்விக்கு உண்மையான மையம். கீழே விரிவாகச் சொல்கிறேன்.

மூன்றாவது சமூக அறிவியல் பல்கலைக்கழகம், எஸ்யூஎஸ்எஸ். 2017 ஜனவரியில் முதல் வகுப்பு தொடங்கியது. குற்றவியலும் குடும்பச் சட்டமும்தான் அதன் குறி. வேலை பார்த்துக்கொண்டு பகுதிநேரமாகப் படிக்க வழி உள்ள பள்ளி. இங்கே பிரிட்டிஷ் பாணி எல்நாட், எழுத்துத் தேர்வு, நேர்முகம் என்று சுற்றுகள் உண்டு. பெருநிறுவன ஒப்பந்தம் எழுதிப் பெரிய சம்பளம் வாங்கும் எண்ணத்தில் இங்கே போய், நேர்முகத்தில் "குடும்ப நீதிமன்றம் என் கனவு" என்று சொன்னால் கேட்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

சரி, எஸ்எம்யூவுக்கு மூன்றில் எது? எல்லாரும் "சட்டம் என்றால் எல்சாட்" என்பார்கள். அது பழக்கத்தில் வரும் பேச்சு. உங்கள் தலை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கவேண்டும்.

எல்சாட்டில் கணக்கே கிடையாது. 2024 ஆகஸ்டிலிருந்து அதன் புகழ்பெற்ற புதிர்ப் பகுதியும் போய்விட்டது. இப்போது மதிப்பெண்ணுக்கு உரியவை தர்க்கப் பகுதிகள் இரண்டு, வாசிப்புப் பகுதி ஒன்று. நான்காவதாக மதிப்பெண் இல்லாத சோதனைப் பகுதி ஒன்று கலந்து வரும். எது சோதனைப் பகுதி என்று உங்களுக்குத் தெரியாது, ஊகிக்கவும் முயலாதீர்கள். ஒவ்வொன்றும் 35 நிமிடம், நடுவில் பத்து நிமிட இடைவேளை. தர்க்கப் பகுதியில் 25 கேள்வி என்று வையுங்கள், ஒரு கேள்விக்கு 84 வினாடி. தவறான விடைக்குக் கழிவு இல்லை, ஆகவே எதையும் காலியாக விடக்கூடாது. மதிப்பெண் 120 முதல் 180 வரை. வாதக் கட்டுரை ஒன்று தனி நாளில், வீட்டிலிருந்தே, கணினியில் எழுதுவது. அதை எழுதாவிட்டால் உங்கள் மதிப்பெண் வெளியே வராது. தேர்வு நன்றாகப் போன சந்தோஷத்தில் இதை மறந்துவிட்டு, விண்ணப்பக் கடைசி நாளில் மதிப்பெண் இல்லாமல் முழிப்பவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் இருப்பார்கள்.

ஜிமேட் இப்போதைய வடிவில் கணக்கு 21, மொழி 23, தரவு 20 என்று 64 கேள்விகள். பகுதிக்கு 45 நிமிடம். நீங்கள் சரியாகப் போட்டால் அடுத்தது கடினமாகும். ஒரு பகுதிக்கு மூன்று விடைகளைத்தான் திரும்பிப் போய் மாற்றலாம். முடிக்காமல் விட்டால் அடி பலமாக விழும். ஜிஆர்இ 2023 செப்டம்பரில் சுருக்கப்பட்டு இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிறது. மொழி இரண்டு பகுதி, கணக்கு இரண்டு பகுதி, அரை மணிக் கட்டுரை ஒன்று. பகுதிக்குள் முன்னும் பின்னும் போய்த் திருத்தலாம், அது பெரிய ஆறுதல். ஆனால் ஜிஆர்இயின் மொழிப் பகுதி பாதி சொல்வளச் சோதனை. அலுவலக மின்னஞ்சல் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அங்கே போனால் முதல் பத்து நிமிடத்திலேயே வியர்க்கும்.

நீங்கள் கணக்கியல். எண்கள் உங்களுக்குப் பகை இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஜிமேட்டைத் தள்ளிவைக்க அவசரப்படாதீர்கள். மூன்று வார இறுதி ஒதுக்குங்கள். முதல் வாரம் எல்சாட் நடத்துபவர்களின் லாஹப் தளத்தில் இலவசக் கணக்குத் திறந்து ஒரு முழுத் தேர்வு. இரண்டாம் வாரம் ஜிமேட்டின் அதிகாரபூர்வ இலவச மாதிரித் தேர்வு, இரண்டு கிடைக்கும். மூன்றாம் வாரம் ஜிஆர்இயின் பவர்பிரெப், அதிலும் இரண்டு இலவசம். மூன்றையும் கடிகாரம் வைத்து, கைப்பேசியை அடுத்த அறையில் போட்டுவிட்டு எழுதுங்கள். பிறகு எண்களை ஒப்பிடாதீர்கள். 155, 555, 315 என்று வைத்து ஒன்றும் தெரியாது. ஒவ்வொன்றிலும் உங்கள் சதமான நிலை எங்கே என்று பாருங்கள். எழுதியவர்களில் எத்தனை விழுக்காட்டினரைத் தாண்டியிருக்கிறீர்கள் என்பதே கணக்கு. ஒன்றில் தெளிவாக மேலே இருந்தால் அதுதான் உங்கள் தேர்வு. சமமாக இருந்தால் எல்சாட் என்பேன். காரணம், அது பயிற்சிக்கு வளைந்து கொடுக்கும். கேள்வி வகைகள் திரும்பத் திரும்ப வரும்.

வகை என்றால் என்னவென்று ஒன்றைக் காட்டுகிறேன். "கேலாங்கில் ஒரு காப்பிக்கடை காப்பி விலையை 20 காசு உயர்த்தியது. அடுத்த மாதம் கூட்டம் குறைந்தது. ஆகவே விலை உயர்வுதான் கூட்டத்தைக் குறைத்தது." இந்த வாதம் எதை நம்பி நிற்கிறது? ஒரு விடை: "விலை உயர்ந்தால் எந்தக் கடையிலும் கூட்டம் குறையும்." இன்னொன்று: "கூட்டம் குறைந்ததற்கு, எதிரே இருந்த பள்ளிக்கு அந்த மாதம் விடுமுறை விட்டது காரணம் இல்லை." முதலாவது பார்க்க அழகாக இருக்கும், பாதிப்பேர் அதில் விழுவார்கள். ஆனால் வாதத்துக்கு அவ்வளவு பெரிய தூண் தேவையில்லை, இந்த ஒரு கடையைப் பற்றி மட்டும்தானே பேச்சு. சோதிக்கும் முறை: விடையை எதிர்மறையாக்குங்கள். "பள்ளி விடுமுறையால்தான் கூட்டம் குறைந்தது" என்றால் வாதம் அங்கேயே படுத்துவிடும். படுத்தால் அதுதான் விடை. முதலாவதை மறுத்தால், "ஏதோ சில கடைகளில் குறையாது" என்றாகும், வாதம் நின்றபடியே நிற்கும்.

நிபந்தனைக் கேள்விகளில் தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு கைச்சரக்கு உண்டு, யாரும் சொல்லித் தருவதில்லை. ஆங்கிலத்தில் "இஃப்", "ஒன்லி இஃப்" இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தவறு நடக்கிறது. நமக்கு அது ஒரு "தான்". "உரிமம் இருந்தால் கடை போடலாம்" என்றால் உரிமம் போதும். "உரிமம் இருந்தால்தான் கடை போடலாம்" என்றால் உரிமம் இல்லாமல் முடியாது, ஆனால் அது மட்டும் போதும் என்று யாரும் சொல்லவில்லை, வாடகை முன்பணமும் கேட்கலாம். ஆங்கில வாக்கியத்தை வாசித்ததும் மனத்துக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். "தான்" விழுகிறதா, இல்லையா? "அன்லெஸ்" வந்தால் "இல்லாவிட்டால்" என்று மாற்றுங்கள். சில வாரத்தில் பழகிவிடும், பிறகு மொழிபெயர்க்கவே தேவைப்படாது.

புத்தகம் வாங்கும்போது பதிப்பாண்டைப் பாருங்கள். பிராஸ் பாசா காம்ப்ளக்ஸில் பழைய புத்தகக் கடைகளில் எல்சாட், ஜிமேட் தொகுப்புகள் மலிவாகக் கிடைக்கும். பழைய எல்சாட் தொகுப்பில் புதிர்ப் பகுதியைத் தாண்டிவிட்டுத் தர்க்கத்தையும் வாசிப்பையும் மட்டும் போடுங்கள், அவை இன்றைக்கும் செல்லும். பழைய ஜிமேட் புத்தகம் அப்படி இல்லை. வாக்கியத் திருத்தம் போய்விட்டது, வடிவியல் போய்விட்டது. மதிப்பெண் அளவுகோலும் மாறிவிட்டது: பழையது 200 முதல் 800, புதியது 205 முதல் 805. பழைய 700 ஏறக்குறைய இன்றைய 645. யாராவது "ஜேடிக்கு 680 வேண்டும்" என்றால் அவர் பழைய அளவுகோலில் பேசுகிறார்.

எல்நாட் பக்கம் வருகிறேன். எஸ்யூஎஸ்எஸ் தவிர, பிரிட்டனுக்குப் போய்ப் படிக்கும் எண்ணம் இருந்தால் இதுதான். 12 கட்டுரைப் பகுதிகள், 42 கேள்விகள், 95 நிமிடம். அதாவது ஒரு பகுதியை வாசித்து மூன்று நான்கு கேள்விக்கு விடையளிக்க எட்டு நிமிடத்துக்கும் குறைவு. பிறகு 40 நிமிடத்தில் ஒரு கட்டுரை, மூன்று தலைப்பில் ஒன்று. 500, 600 சொற்களில் நிறுத்துங்கள், 750ஐத் தாண்டக்கூடாது. கட்டுரைக்கு எல்நாட் மதிப்பெண் போடுவதில்லை, பல்கலைக்கு அப்படியே அனுப்பிவிடும். இந்தத் தேர்வின் விஷம் வேறு இடத்தில் இருக்கிறது: ஒரு சேர்க்கைச் சுற்றில் ஒரே ஒரு முறைதான் எழுதலாம், மதிப்பெண் அடுத்த வருடத்துக்குச் செல்லாது. "சும்மா ஒருமுறை எழுதிப் பார்ப்போம்" என்று போனால் அந்த வருடம் முடிந்தது. எல்சாட்டிலோ ஜிமேட்டிலோ ஜிஆர்இயிலோ அந்தக் கவலை இல்லை, திரும்ப எழுதலாம். எல்நாட் தேர்வுக் காலம் செப்டம்பர் 1 தொடங்கும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் என்றால் அக்டோபர் நடுவுக்குள் எழுதி முடித்திருக்கவேண்டும். மற்றவற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் உண்டு.

பிரிட்டன் என்று கிளம்புமுன் பட்டியலைப் பாருங்கள். 2015இல் சட்ட அமைச்சு பிரிட்டிஷ் பல்கலைகளை 19இலிருந்து 11 ஆகக் குறைத்தது. 2016இலிருந்து சேர்ந்தவர்களுக்கு அது நடப்பு. எஞ்சியவை ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், எல்எஸ்இ, யூசிஎல், கிங்ஸ், குவீன் மேரி, டரம், பிரிஸ்டல், நாட்டிங்ஹம், வாரிக், பர்மிங்ஹம். மான்செஸ்டரும் லீட்ஸும் ஷெஃபீல்டும் பெரிய பெயர்தான், பட்டியலில் இல்லை. பட்டியலில் உள்ள பல்கலையாகவே இருந்தாலும் இரண்டாம் வகுப்பு மேல்நிலைக்குக் குறைந்தால் சிக்கல். வீட்டிலிருந்து படிக்கும் லண்டன் வெளிவாரி எல்எல்பி இங்கே பார் தேர்வுக்கு உதவாது. பட்டதாரிகளுக்கான ஓராண்டு மாற்றுப் படிப்பும் உதவாது. இரண்டாண்டுப் படிப்பில் சேர்வதாக இருந்தால் அதன் சரியான பெயரைக் கொடுத்துச் சிங்கப்பூர் சட்டக் கல்விக் கழகத்துக்கு எழுதி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முகவர் வாயால் சொன்னது செல்லாது. வெளிநாட்டில் படித்து வருபவர்கள் பார் தேர்வின் ஏ பகுதியையும் எழுதவேண்டும், உள்ளூரில் படித்தவர்களுக்கு அது இல்லை. பி பகுதி எல்லாருக்கும். 2024 சுற்றிலிருந்து பயிற்சிக் காலமும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடமாகிவிட்டது. உங்கள் சேமிப்புக் கணக்கில் அந்த வருடத்தையும் சேர்த்துப் போடுங்கள். உங்கள் முதல் பட்டம் அரசாங்க மானியத்தில் முடித்ததாக இருந்தால், இரண்டாவதற்கு டியூஷன் கிராண்ட் பொதுவாகக் கிடைக்காது என்பதையும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இது என் வயிற்றெரிச்சல். இந்தத் தேர்வுகள் எல்லாமே முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். நம் ஆட்களுக்குக் குடும்பப்பெயர் ஏது? கடப்பிதழில் குமரன் எஸ்/ஓ ராமசாமி என்று இருக்கும். பல படிவங்கள் அந்தச் சாய்வுக்கோட்டை ஏற்காது. எஸ்ஓ என்பதை நடுப்பெயர் ஆக்கி, அப்பாவைக் குடும்பப்பெயர் ஆக்கி, கடைசியில் "அன்புள்ள திரு எஸ்ஓ ராமசாமி" என்று மின்னஞ்சல் வரும். இத்தனை தலைமுறையாக இங்கே வாழ்கிறோம், பெண்கள் டி/ஓ போட்டுக்கொண்டு இதே கூத்தை அனுபவிக்கிறார்கள், ஒரு கட்டத்தைக் காலியாக விட அனுமதித்தால் என்ன குறைந்துவிடும்? கோபத்தை விடுங்கள், செய்யவேண்டியது இது. தேர்வு நாளில் காட்டப்போகும் கடப்பிதழில் எந்த வரிசையில் எழுத்து இருக்கிறதோ அதே வரிசை, அதே எழுத்து, சாய்வுக்கோட்டுக்குப் பதில் இடைவெளி. பதிவு செய்வதற்கு முன்பே தேர்வு நடத்துபவருக்குக் கடப்பிதழ் பெயரை எழுதி எப்படி நிரப்புவது என்று கேட்டு, வந்த பதிலை அச்செடுத்துத் தேர்வு மையத்துக்குக் கொண்டு போங்கள். பட்டச் சான்றிதழில் எஸ்/ஓ இல்லாமல் வெறும் குமரன் ராமசாமி என்று இருந்தால், விண்ணப்பத்தோடு இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் ஒன்று வேண்டியிருக்கலாம். அதைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

உங்கள் பட்டத்தின் வகுப்பு என்ன என்று கேள்வியில் எழுதவில்லை. இரண்டாம் வகுப்பு மேல்நிலை அல்லது அதற்கு மேல் என்றால் தேசியப் பல்கலைக்கும் எஸ்எம்யூவுக்கும் ஒரே சுற்றில் போடுங்கள். அதற்குக் கீழே என்றால் நல்ல ஜிமேட் அல்லது எல்சாட் மதிப்பெண்ணோடு எஸ்எம்யூ, வேலையை விட முடியாது என்றால் எல்நாட்டோடு எஸ்யூஎஸ்எஸ். வகுப்பைக் கருத்தில் எழுதுங்கள், எந்த மாதம் எதை எழுதுவது என்று வரிசைப்படுத்தித் தருகிறேன்.